சிங்க்ரனஸா, அசிங்க்ரனஸா? ரெப்ளிகேஷன் மக்கர் செய்யும்போது

டேட்டாவை வேறொரு இடத்திலுள்ள ஸ்டோரேஜிலும் நகலெடுத்து வைப்பதுதான் ரெப்ளிகேஷன். உடனுக்குடன் நகலெடுக்கும் சிங்க்ரனஸில் கோளாறு உடனே தெரிந்துவிடும். மறுமுனையிலும் டேட்டா பதிவானால்தான் அப்ளிகேஷனுக்குப் பதில் போகும். ஃபைபரில் 100 கிலோமீட்டர் போய்வரவே சுமார் 1 மில்லிசெகண்ட். லிங்க் திணறினால் டேட்டாபேஸும் திணறும், போன் அடிக்க ஆரம்பித்துவிடும்.

மறுமுனைக்குக் காத்திராமல் பிறகு அனுப்பும் அசிங்க்ரனஸ் சத்தமே போடாது. அனுப்ப வேண்டியதெல்லாம் ஜர்னல் என்ற தற்காலிகச் சேமிப்பிடத்தில் குவியும். 40 சதவீதம், 70, அப்புறம் ஒருநாள் நள்ளிரவு பேட்ச் ஜாப் (மொத்தமாக ஓடும் வேலை) ஓடும்போது நிரம்பி, ரெப்ளிகேஷன் நின்றுவிடும். ஜர்னலைப் பெரிதாக்கத்தான் கை போகும். சரி, ஆனால் டேட்டா வரும் சராசரி வேகத்துக்கு லிங்க் ஈடுகொடுக்காவிட்டால் எவ்வளவு பெரிய ஜர்னலும் நிரம்பத்தான் செய்யும். கோளாறைத் தேடி லாக்கை (நிகழ்வுப் பதிவை) புரட்டுமுன் இரு முனைக் கடிகாரங்களும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். 3 நிமிடம் பிசகினாலே எது முதலில் விழுந்தது என்று தெரியாது. தூரம் குறைவு, ஒரு ரெக்கார்டும் போகக்கூடாது என்றால் என் ஓட்டு சிங்க்ரனஸுக்கே.