எஸ்தே, எஸே, அக்கேல்: தூரக் கணக்கா, ஆள் கணக்கா?

ஸ்பானிஷில் சுட்டுப் பெயர்களைப் பிடிக்க இரண்டு வழி உண்டு. பாடப்புத்தகம் தூரத்தை வைத்துச் சொல்லித்தரும்: பக்கத்தில் இருந்தால் எஸ்தே, கொஞ்சம் தள்ளி இருந்தால் எஸே, இன்னும் தள்ளிப் போனால் அக்கேல். மற்றது ஆளை வைத்துப் பார்ப்பது: என்னிடம் இருப்பது எஸ்தே, உன்னிடம் இருப்பது எஸே, இருவர் பக்கமும் இல்லாதது அக்கேல். நான் முதலாவதில் தொடங்கி இரண்டாவதுக்கு மாறியவள்.

தூரக் கணக்கு பிழையில்லை. மலையையும் கட்டடத்தையும் கைகாட்ட அது போதும். ஆனால் ‘கொஞ்சம் தள்ளி’ என்பது எத்தனை அடி?

துணிக்கடையில் பாருங்கள். விற்பவர் கையில் ஒரு சட்டை. நீங்கள் எட்டித் தொடக்கூடிய தூரம்தான். ஆனாலும் நீங்கள் கேட்பது ‘எஸா’. அவர் ‘எஸ்தா?’ என்பார். ‘ஸீ, எஸா’ என்பீர்கள். ஒரே சட்டை, பேசும் ஆளுக்கு ஏற்பச் சொல் மாறுகிறது. இருவருக்கும் எட்டாமல் மேல்தட்டில் கிடப்பது அக்கேயா. (சட்டை, அதாவது கமீஸா, பெண்பால், அதனால்தான் எல்லாம் ‘ஆ’வில் முடிகின்றன.)

யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு இது புதிதில்லை. எதிரே இருப்பவர் பக்கம் இருப்பதை ‘உது’ என்போம்; ‘உது என்ன கையில?’ என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அ, இ, உ மூன்றையும் சுட்டு என்கிறது தொல்காப்பியம். தமிழ்நாட்டுப் பேச்சில் உகரம் உதிர்ந்துவிட்டது, எங்கள் பக்கம் இன்னும் புழங்குகிறது.

என்னை மாற்றியது பொருட்கள்கூட இல்லை, பேச்சு. எதிரே இருப்பவர் ஏதோ வதந்தி சொல்கிறார். ‘கியேன் தே தீஹோ எஸோ?’ என்று கேட்க வேண்டும். எங்கள் வாயில் அது ‘உதை ஆர் உமக்குச் சொன்னது?’ வதந்திக்கு ஏது தூரம்? அவர் வாயிலிருந்து வந்ததால் அது அவர் பக்கத்துச் சரக்கு, ஆகவே எஸோ (பேச்சு, விஷயம் போன்றவற்றுக்கு வரும் பால் இல்லாத வடிவம்). தூரக் கணக்கு இங்கே கைவிட்டுவிடும்.

உது எல்லா இடத்திலும் பொருந்தாது. லத்தீன் அமெரிக்கப் பேச்சில் அக்கேல் அருகி, தொலைவில் இருப்பதற்கும் எஸேயே வருவதுண்டு. அங்கே எங்களுக்கு ‘அது’தான் வாயில் வரும். பழங்காலத்தைச் சொல்லும்போது மட்டும் அக்கேல் உறுதியாக நிற்கிறது: ‘என் அக்கேயா ஏபோக்கா’, அக்காலத்தில். ஆண்பால் பெண்பாலுக்கு எந்த வழியும் உதவாது, மனப்பாடம்தான்.

பழைய புத்தகங்களில் இந்தப் பெயர்களின் உயிரெழுத்து மேல் ஒரு சாய்கோடு இருக்கும். அது தேவையில்லை என்று ராயல் ஸ்பானிஷ் அகாடமி 2010இல் சொல்லிவிட்டது. பால் இல்லாத எஸ்தோ, எஸோ, அக்கேயோ மூன்றுக்கும் அதற்கு முன்பும் கோடு கிடையாது.