திருகோணமலை நாலாம் கட்டைப் பக்கத்துப் பெயர்ப்பலகை இல்லாத கராஜ்: முதலில் உயரம், பிறகுதான் அலைன்மென்ட்

என்னுடையது 2008 இசுசு டி-மேக்ஸ் கெப் (பிக்கப்), போர் வீல். இறக்கக்கண்டியிலும் குச்சவெளியிலும் மீன் எடுத்து திருகோணமலை டவுனுக்கு ஓடுகிறது. கிழமையில் ரெண்டு தரம் கந்தளாய், ஹபரணையால் தம்புள்ளைக்கும் போகும். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து கடல் மணலில் வளர்ந்தவனுக்கு வாகனத்தின் முன்பக்கம் தாழ்ந்திருப்பது பிடிக்காது. இரும்பு புல் பார் பூட்டினதோடு முன்பக்கம் இன்னும் இறங்கிவிட்டது. அதனால் போன வருசம் டவுனில் ஓர் இடத்தில் "கொஞ்சம் உசத்தி, அலைன்மென்டும் பாத்துத் தாங்கோ" என்று கொடுத்தேன். அலைன்மென்ட் என்றால் வீல்கள் நிற்கிற கோணங்களை அளந்து சரிசெய்வது. இடத்தின் பெயர் வேண்டாம்.

அங்கே பெரிய கம்ப்யூட்டர் மெஷின் இருக்கிறது. மெஷினில் பிழையில்லை. அலைன்மென்டை முடித்து, தாளையும் அச்சடித்துக் கையில் தந்த பிறகு, வாகனத்தை வெளியே எடுத்து வைத்துக்கொண்டு முன்பக்கத்துக்கு ஸ்பிரிங்காக இருக்கிற டோர்ஷன் பாரின் போல்ட்டைத் திருகி உயர்த்தினார்கள். அதாவது, அளந்து சரிசெய்த எல்லாவற்றையும் அந்தத் திருகலிலேயே கலைத்துவிட்டார்கள். அப்போது எனக்கு அது விளங்கவில்லை. அழகாக நிமிர்ந்து நிற்கிறதே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு வந்தேன்.

ஐந்து மாதம். முன் டயர் இரண்டும் வெளிப்பக்கத்து ஓரத்தில் வழுக்கையாகிவிட்டன. உள்பக்கம் புது டயர் போல பூ இருக்கிறது. 245/70 ஆர் 16 டயர் ஒரு சோடிக்கு நான் கொடுத்தது ஒரு லட்சத்து முப்பதாயிரம். சின்னக் குழியில் இறங்கினாலும் முன்னால் 'டக்' என்று இரும்பில் இரும்பு அடிப்பது போலக் கேட்கும். இடது சி.வி. பூட், அதாவது வீலைச் சுழற்றுகிற ஷாப்டின் மூட்டை மூடுகிற ரப்பர் உறை, கிழிந்து, ரிம்மின் உள்பக்கமெல்லாம் கிறீஸ். கிண்ணியாவில் இருக்கிற ஒரு நண்பன்தான், "நாலாம் கட்டைப் பக்கம் ஒரு நானா இருக்கிறார், அவரிட்ட காட்டு" என்றான். நானா என்றால் முஸ்லிம் ஆட்களின் பேச்சில் அண்ணன்.

கண்டி வீதியில் டவுனிலிருந்து போகும்போது இடப்பக்கம், தகரக் கூரை. போர்டு கிடையாது. சீமெந்துத் தரை மட்டும் கண்ணாடி மாதிரி மட்டம். அந்தத் தரையை வார்ப்பதற்கே மற்ற எல்லாவற்றையும் விடக் கூடச் செலவழித்ததாக நானா சொன்னார். உயரம் பார்க்கிற இடத்தில் தரை மட்டமில்லாவிட்டால் எந்த அளவும் பொய்தான்.

அவர் போனட்டைத் திறக்கவில்லை. குனிந்து டயரில் உள்ளங்கையை வைத்து, உள்ளிருந்து வெளியே ஒருதரம், வெளியிலிருந்து உள்ளே ஒருதரம் தடவினார். என் கையையும் பிடித்து வைத்தார். வெளியிலிருந்து உள்ளே போகும்போது வழுவழுப்பு. திரும்பி வரும்போது அரத்தில் தடவினது போல உரசியது.

"எத்தின மாசம் தம்பி, இத உசத்தி?"

"அஞ்சு மாசம் நானா."

"உசத்தினத்துக்குப் பொறகு அலைன்மென்ட் பாத்ததா, முந்தியா?"

"முந்தி."

அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. மற்றவனின் வேலையைக் குறை சொல்லவுமில்லை. டேப்பை எடுத்தார்.

நான்கு டயருக்கும் ஒரே அளவு காற்று வைத்து, வாகனத்தை முன்னும் பின்னும் உருட்டி, பம்பரை அமுக்கி அமுக்கி விட்டு, வீல் ஹப்பின் நடுவிலிருந்து மட்காட் விளிம்பு வரை அளந்தார். இடது 548 மில்லிமீட்டர், வலது 536. ஒரே வாகனத்தில் பன்னிரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம்.

இந்த வகைக் கெப்பில் முன்னுக்குச் சுருள் ஸ்பிரிங் இல்லை. டோர்ஷன் பார் என்கிற நீளமான உருக்குக் கம்பி ஒன்று வீல் ஆமில் தொடங்கி சேஸிக்கு அடியால் பின்னுக்குப் போகிறது. வீல் மேலே வந்தால் அந்தக் கம்பி முறுகும், முறுகினது திரும்ப நினைக்கும், அதுதான் ஸ்பிரிங். பின் முனையில் ஒரு ஆமும் போல்ட்டும் இருக்கும். போல்ட்டை இறுக்கினால் முன்பக்கம் உயரும். ஆனால் கம்பியின் வலு கூடுவதில்லை. வீல் நிற்கிற இடம் மட்டும் மாறுகிறது. பலர் இதைத்தான் பிழையாக விளங்கி வைத்திருக்கிறார்கள், நானும்தான். மிதமிஞ்சி உயர்த்தினால் வீல் கீழே இறங்குவதற்கு இடமே மிஞ்சாது, ஆம் ரப்பர் ஸ்டொப்பரில் போய்க் குந்திக்கொள்ளும். நான் கேட்ட 'டக்' அதுதான். ஷாப்ட் மிதமிஞ்சிச் சாய்ந்து நிற்பதால் சி.வி. பூட்டும் மடிந்து மடிந்து கிழிகிறது. அடுத்த தலைமுறை டி-மேக்ஸ்களில் முன்னுக்குச் சுருள் ஸ்பிரிங், அவற்றில் இந்தப் போல்ட்டே இல்லை.

என் வாகனத்தில் பெரிய வில்லங்கம் உப்பு. ஐஸ் பெட்டியிலிருந்து வடிகிற மீன் தண்ணீர் வருசக்கணக்காக அந்தப் போல்ட்டுகளின் மேல்தான் விழுந்திருக்கிறது. வேறு யாராக இருந்தாலும் நீளக் குழாயைப் போட்டு இழுத்திருப்பார்கள். நானா கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்குகிற எண்ணெய் அடித்து, "நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிட்டார். ஒரு நாள் ஓட்டம் போனது எனக்கு எரிச்சல்தான். அடுத்த நாள் வலது போல்ட் சத்தமில்லாமல் கழன்றது. இடதில் மரை தின்றுபோயிருந்தது, புதிதாகப் போட்டார். முறுகிய கம்பியின் பாரத்தைத் தாங்கிக்கொண்டிருக்கிற போல்ட் அது. மரை உரிந்து தெறித்தால் அடியில் படுத்திருப்பவனின் முகம் போய்விடும். சேஸியில் ஜக் வைத்து, ஸ்டாண்ட் கொடுத்து, வீல் தொங்கின பிறகுதான் கை வைத்தார். பழைய நிலைக்கு பெயின்டால் ஒரு கோடும் போட்டுக்கொண்டார்.

ஒரு பக்கம் திருகினால் மற்றப் பக்கமும் கொஞ்சம் அசையும். அதனால் இடதில் ரெண்டு சுற்று, வலதில் ஒன்று, இறக்கி, உருட்டி, அமுக்கி, அளவு, திரும்ப ஜக். ஆறு தரம் எண்ணினேன். கடைசியில் இடது 509, வலது 508. கழட்டிய கிழிந்த பூட்டையும் அன்றே மாற்றிவிட்டார், அதில் சொல்ல ஒன்றுமில்லை.

அலைன்மென்டுக்கு அவரிடம் கம்ப்யூட்டர் இல்லை. ஹப்பில் ஒட்டுகிற காந்த கேஜ், நடுவில் கிறீஸ் பூசி அவரே செய்த ரெண்டு திருப்புத் தகடுகள், வாகனத்தின் ரெண்டு பக்கமும் கட்டுகிற நைலோன் நூல். உயரத்தை இறக்கினதிலேயே கேம்பர், அதாவது வீலின் மேல்பக்கம் உள்ளேயோ வெளியேயோ சாய்கிற அளவு, பாதிக்கு மேல் தன்பாட்டில் சரியாகிவிட்டது. மிச்சத்துக்கு மேல் ஆமில் இருக்கிற சிம் தகடு ஒன்றை மாற்றினார். வீலை அந்தப் பக்கம் இருபது பாகை, இந்தப் பக்கம் இருபது பாகை திருப்பி காஸ்டர் பார்த்தார், அதாவது வீல் திரும்புகிற அச்சு முன்பின்னாகச் சாய்கிற அளவு. "பின்னுக்கு எவ்வளவு ஏத்துவீங்க?" என்று கேட்டதும் அப்போதுதான். பின்பக்கம் அமர்ந்தால் மூக்கு நிமிரும், காஸ்டர் கூடும், ஸ்டியரிங் பாரமாகும். மெஷின் வைத்திருந்த இடத்தில் இந்தக் கேள்வியை ஒருத்தரும் கேட்கவில்லை. டோவை, அதாவது ரெண்டு முன் வீலின் மூக்கும் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கிற அளவை, கடைசியாகத்தான் தொட்டார். மற்ற எதை மாற்றினாலும் டோ மாறும், டோவை மாற்றினால் மற்றது அவ்வளவாக மாறாது, அதனால் அந்த ஒழுங்கு.

நூலை நம்புவதா என்று எனக்குள் ஒரு சந்தேகம் இருந்தது, மறைக்கவில்லை. அடுத்த கிழமை தம்புள்ளைக்குப் போனபோது அங்கே காசு கொடுத்து ஒரு மெஷினில் ஏற்றிப் பார்த்தேன். இடது கேம்பர் 0.1 பாகை, வலது 0.2. டோ மொத்தம் 1 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் உள்பக்கம். அங்கே நின்ற பொடியன், "செய்ய ஒன்றும் இல்லை அண்ணே" என்று இறக்கிவிட்டான்.

போல்ட், பூட், கூலி எல்லாம் சேர்த்து நானா வாங்கியது 17,500 ரூபாய். குறைகளும் இருக்கின்றன. போன் எடுக்க மாட்டார், நேரில்தான் போக வேண்டும். ஒரு நாளைக்கு ரெண்டு வாகனத்துக்கு மேல் எடுப்பதில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு மூடினால் அன்று திறப்பது சந்தேகம். உட்கார நிழல் இல்லை, நான் டயர் மேல்தான் குந்தியிருந்தேன். பில் கேட்டால் கொப்பித் தாளில் எழுதித் தருகிறார். கம்பனிக் கணக்குக்கு வாகனம் ஓட்டுகிறவர்களுக்கு அது சரிவராது. ஒரு அச்சு பில் புத்தகம் அடித்து வைக்கச் சொல்லி நானே சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது புது டயரில் 4,200 கிலோமீட்டர். நேற்று இறக்கக்கண்டிப் பாலத்தடியில் மீன் ஏறும் வரை நின்றபோது குனிந்து தடவிப் பார்த்தேன். ரெண்டு பக்கமும் ஒரே வழுவழுப்பு. முன்பக்கம் நான் ஆசைப்பட்டதை விட ரெண்டு விரல் தாழ்வுதான், மணலில் கொஞ்சம் பார்த்துத்தான் இறங்குகிறேன். போல்ட்டில் கிறீஸ் காய்ந்துவிட்டதா என்று பார்க்க 5,000த்தில் ஒருதரம் வரச் சொல்லியிருக்கிறார், அதற்குக் காசு வேண்டாமாம்.