வாபஸ் வாங்கிய எவிக்‌ஷன் கேஸும் நம் பெயரில் நிற்கும்: டாலஸ் பக்கம் வாடகைக்கு இருப்பவர்கள் கவனிக்கவும்

அபார்ட்மென்ட் மேனேஜ்மென்ட் கை மாறும் இடத்தில் குடியிருப்பவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். வீட்டைக் காலி செய்ய வைக்கக் கோர்ட்டில் போடும் எவிக்‌ஷன் கேஸ், வாடகை பாக்கி வைக்காதவர்கள் மேலும் விழும்.

பிளேனோவில் நாங்கள் இருந்த அபார்ட்மென்ட்டை வேறொரு மேனேஜ்மென்ட் எடுத்தது. பழைய போர்ட்டலில் கட்டிய வாடகை புதியவர்கள் கணக்கில் ஏறவே இல்லை. பேங்க் ஸ்டேட்மென்ட்டை லீசிங் ஆபீஸில் காட்டினேன். "பார்க்கிறோம்" என்றார்கள். பார்த்த லட்சணம், மூன்று நாளில் காலி செய் என்று கதவில் நோட்டீஸ். அதன் பின்னாலேயே கான்ஸ்டபிள் கொண்டுவந்து கொடுத்த, எவிக்‌ஷன் கேஸ்களைப் பார்க்கும் உள்ளூர் ஜேபி கோர்ட்டின் சம்மன். என் பெயர், கணவர் பெயர், அதற்குக் கீழே "மற்றும் குடியிருப்போர் அனைவரும்". குழந்தையையும் விடவில்லை பாருங்கள்.

மறுபடி ஸ்டேட்மென்ட்டோடு போய் நின்றதும் மேனேஜர் மன்னிப்புக் கேட்டார். கேஸை வாபஸ் வாங்குகிறோம், நீங்கள் கோர்ட்டுக்கு வர வேண்டாம், ரெக்கார்டில் எதுவும் இருக்காது என்றார். வாபஸ் வாங்கியது உண்மை. ரெக்கார்டில் இருக்காது என்றது சுத்தப் பொய்.

லீஸ் முடிந்து ஃபிரிஸ்கோவில் வீடு தேடியபோதுதான் தெரிந்தது. கிரெடிட் ஸ்கோர் பிரமாதம், சம்பளமும் அவர்கள் கேட்கும் அளவான வாடகையின் மூன்று மடங்கைத் தாண்டியது. ஆளுக்கொரு அப்ளிகேஷன் ஃபீஸ் கட்டினோம். மறுநாளே நிராகரிப்பு மெயில். அடுத்த இடத்திலும் அதே கதை. கட்டிய ஃபீஸ் எங்குமே திரும்பி வரவில்லை.

காரணம், வாபஸ் வாங்கிய அந்தக் கேஸ்தான். கிரெடிட் ரிப்போர்ட்டை எவ்வளவு புரட்டினாலும் அது கண்ணில் படாது. மூன்று பெரிய கிரெடிட் பீரோக்களும் 2017லேயே சிவில் தீர்ப்புகளைத் தங்கள் ரிப்போர்ட்டிலிருந்து எடுத்துவிட்டன. வீடு கொடுப்பவர்கள் அதோடு வாடகைக்கு வருபவரின் பின்னணியைச் சொல்லும் டெனன்ட் ஸ்கிரீனிங் ரிப்போர்ட் என்று தனியாக ஒன்று வாங்குகிறார்கள். அந்தக் கம்பெனிகள் கோர்ட் பதிவுகளை மொத்தமாக அள்ளுகின்றன. கேஸ் போட்டது பதிவாகிவிடும். அது என்ன ஆனது என்று திரும்பிப் பார்த்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. எங்கள் ரிப்போர்ட்டில் கேஸ் போட்ட தேதி இருந்தது, கேட்ட தொகை இருந்தது, தீர்ப்பு என்ற கட்டம் காலி. மத்தியச் சட்டப்படி இது 7 வருடம் வரை ரிப்போர்ட்டில் வரலாம். கலிஃபோர்னியாவில் 60 நாளுக்குள் வீட்டு ஓனர் ஜெயிக்காவிட்டால் கேஸ் வெளியார் கண்ணில் படாது. டெக்சாஸில் அப்படித் தானாக மூடும் ஏற்பாடு இல்லை.

நம் ஆட்களுக்கு இன்னொரு தலைவலி. எவிக்‌ஷன் கேஸ் பதிவில் பெரும்பாலும் சோஷியல் செக்யூரிட்டி நம்பரோ பிறந்த தேதியோ இருக்காது. அப்பா பெயரைக் கடைசிப் பெயராக வைத்திருக்கும் ஊரில் எத்தனை கார்த்திக் குமார்கள்! யாரோ ஒருவருடைய கேஸ் உங்கள் தலையில் விழலாம். பெயரை மட்டும் வைத்துப் பொருத்துவது சட்டப்படி போதாது என்று நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பான சிஎஃப்பிபி 2021இல் சொன்னது. எவிக்‌ஷன் தகவல்களைச் சரியாகக் கொடுக்கவில்லை என்ற புகாரில், அந்த மூன்று கிரெடிட் பீரோக்களில் ஒன்றான டிரான்ஸ்யூனியனின் வாடகை ஸ்கிரீனிங் பிரிவு 2023இல் 1.5 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. எங்கள் ரிப்போர்ட்டைக் கொடுத்தது வேறு கம்பெனி.

ரிப்போர்ட்டைக் காரணமாக வைத்து உங்களை நிராகரித்தால், எந்த ஸ்கிரீனிங் கம்பெனி என்று சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் விடாமல் கேளுங்கள். 60 நாளுக்குள் கேட்டால் ரிப்போர்ட் இலவசம். தப்பு இருந்தால் அந்தக் கம்பெனியிடம் திருத்தச் சொல்லி டிஸ்பியூட் போடலாம், பொதுவாக 30 நாளில் விசாரித்து முடிக்க வேண்டும். ஜேபி கோர்ட் கிளார்க்கிடம் கேஸ் தள்ளுபடியான டிஸ்மிஸல் ஆர்டரின் சான்றளித்த நகல் வாங்கி ஸ்கிரீனிங் கம்பெனிக்கு அனுப்பினோம், எடுத்துவிட்டார்கள். அதற்குள் ஃபிரிஸ்கோ வீடு கை நழுவிப் போயிற்று. தனி ஓனர் ஒருவர் கூடுதல் டெபாசிட் வாங்கிக்கொண்டு வீடு கொடுத்தார்.

சம்மன் வந்தால் மேனேஜர் வாய்வார்த்தையை நம்பி வீட்டில் இருந்துவிடாதீர்கள். அவர்கள் வாபஸ் வாங்க மறந்து, நீங்களும் போகாவிட்டால், எதிர்த்தரப்பு வரவில்லை என்று தீர்ப்பே எழுதிவிடுவார்கள். கேஸ் டிஸ்மிஸ் ஆன காகிதம் கையில் வரும்வரை கிளார்க் ஆபீஸை விடாதீர்கள். அடுத்த வீடு தேடும் முன்பே டிஸ்பியூட்டை முடித்துக்கொள்ளுங்கள்.

போர்ட்டல் மாறப்போகிறது என்று உங்களுக்கு மெயில் வந்திருந்தால், பழைய போர்ட்டலில் உள்ள பேமென்ட் லெட்ஜரை இன்றைக்கே பிடிஎஃப்பாக இறக்கி வையுங்கள். மாறிய பிறகு எங்களுக்கு அது திறக்கவே இல்லை.