ஊசிக்கும் கொக்கிக்கும் நடுவே: 'ஆல்டர்ஸ் ஆஃப் மேட்னெஸ்' குறுந்தட்டு

தையல் இயந்திரம் பழுது பார்ப்பவனுக்குக் காதுதான் முதல் கருவி. திருப்புளியைக் கையில் எடுப்பதற்கு முன்பே, இயந்திரத்தைச் சற்று ஓடவிட்டுக் கேட்டால் பாதி நோய் தெரிந்துவிடும். ஊசி இறங்கும் நேரமும் கொக்கி நூலைப் பிடிக்கும் நேரமும் மயிரிழை விலகினால் போதும், ஓசையில் ஒரு நொண்டல் வந்துவிடும். இருபத்தாறு வருடங்களாக அந்த நொண்டலைத் தேடியே பிழைப்பு நடத்துகிறேன். டெத் மெட்டல் என்கிற, உறுமல் குரலோடு அதிவேகமாக ஓடும் முரட்டு ராக் இசைத் தட்டு ஒன்றுக்கு மதிப்புரை எழுத என்னிடம் இதைத் தவிர வேறு தகுதி கிடையாது.

'ஆல்டர்ஸ் ஆஃப் மேட்னெஸ்' மார்பிட் ஏஞ்சல் குழுவின் முதல் ஆல்பம். 1989 மே மாதம் இயரேக் நிறுவனம் வெளியிட்டது. என்னிடம் இருப்பது குறுந்தட்டு. அக்கா மகன் கொடுத்தான். அவன் கிட்டார் வாசிப்பவன். அவன் அறையிலிருந்து வரும் சத்தத்தை 'ஜல்லி உடைக்கும் இயந்திரம்' என்று பல வருடம் கேலி செய்திருக்கிறேன். ஒருநாள் பொறுமை இழந்து சொன்னான்: "மாமா, பாட்டாக நினைத்துக் கேட்காதீர்கள். டிரம்ஸை மட்டும் கேளுங்கள். பட்டறையில் மிஷினுக்குக் காது கொடுப்பீர்களே, அப்படிக் கேளுங்கள்."

ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் பாட்டு 'இம்மார்ட்டல் ரைட்ஸ்'. ஆரம்பமே தலைகீழ். கிட்டார் வரிசையைப் பின்னோக்கி ஓடவிட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு ஸ்வரமும் எங்கிருந்தோ வீங்கி வந்து, அடிபடும் இடத்தில் வெட்டுண்டு நிற்கிறது. தையல் இயந்திரத்தின் கைச்சக்கரத்தைப் பின்பக்கமாகச் சுற்றினால் நூல் கீழே சிக்கிக் குருவிக்கூடு மாதிரி ஆகிவிடும். எனக்கு அந்த ஞாபகம்தான் வந்தது. பிறகு அதே வரிசை நேராகத் திரும்பி ஓடத் தொடங்கியதும் சிக்கல் அவிழ்ந்து தையல் விழுகிறது. சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

டிரம்ஸ் வாசிப்பவர் பீட் சாண்டோவால். இந்தக் குழுவுக்கு வருமுன் டெரரைசர் என்ற கிரைண்ட்கோர் (இதைப் போலவே முரட்டு வேகத்தில் ஓடும் இன்னொரு ரகம்) குழுவில் இருந்தார். கைவேகம் அங்கேயே இருந்தது. ஆனால் இரண்டு கால்களாலும் மாற்றி மாற்றி அடிக்கும் இரட்டை கிக் அவருக்கு அப்போது பழக்கமில்லை. மார்பிட் ஏஞ்சலுக்காகத்தான் கற்றுக்கொண்டார். இதை அறிந்த பிறகு தட்டை மறுபடி போட்டுப் பாருங்கள். நீண்ட இரட்டை கிக் ஓட்டங்களில், அங்கங்கே கால் கைக்கு ஒரு நூலிழை பின்தங்குவதும், அடுத்த அடிக்குள் எட்டிப் பிடிப்பதும் என் காதுக்குக் கேட்கிறது. என் தொழிலில் அதைக் கேட்டால் ஸ்பேனரை எடுப்பேன். இங்கே அந்த இடத்துக்காகவே பாட்டைப் பின்னுக்குத் தள்ளித் திரும்பக் கேட்கிறேன்.

ஆலைகளில் ஓடும் நல்ல தையல் இயந்திரம் நிமிடத்துக்கு ஐயாயிரம் தையல் வரை போடும். ஊசி ஒருமுறை ஏறி இறங்குவதற்குள் அடியில் கொக்கி இரண்டு சுற்று சுற்றியிருக்கும். அந்த வேகத்தில் எனக்கு வியப்பு ஒன்றுமில்லை, மோட்டார் செய்கிற வேலை அது. மோட்டார் இல்லாமல் ஓர் ஆள் தொடைத் தசையை நம்பிப் பாட்டு முடியும்வரை அந்தச் சீரைத் தாங்குவதும், எந்த நொடியும் குலைந்துவிடும் என்கிற விளிம்பில் குலையாமல் போவதும் வேறு கதை. இன்றைய டெத் மெட்டல் தட்டுகள் பலவற்றில் டிரம்ஸ் அடிகளைக் கணினியில் கோட்டுக்கு நேராக இழுத்து வைத்து, ஓசையையும் ஒரே அச்சாக மாற்றிவிடுகிறார்கள். பிழையே இல்லை. அவற்றை நான் பாதியில் நிறுத்திவிடுகிறேன்.

பதிவு நடந்த இடம் ப்ளோரிடாவின் டாம்பா நகரத்திலுள்ள மோரிசவுண்ட் ஸ்டுடியோ. டாம் மோரிஸ் பதிவுப் பொறியாளர். அமெரிக்க டெத் மெட்டலின் பெரிய பெயர்கள் பலவும் அந்தக் காலத்தில் அந்த வாசலை மிதித்தவைதான். கிக் டிரம்மின் ஓசையைக் கவனியுங்கள்: 'தும்' என்று முழங்காமல் 'டிக்' என்று விழுகிறது. இது டெத் மெட்டல் தனக்கென்று கண்டுபிடித்துக்கொண்ட வழி. இந்த வேகத்தில் பெரிய டிரம்மை முழங்கவிட்டால் ஓர் அடியின் வால் அடுத்த அடியின் தலையில் ஏறி, எல்லாம் குழம்பாகிவிடும். ஆகவே தோலில் சுத்தி படும் அந்த 'டிக்'கை மட்டும் தூக்கிக் காட்டுகிறார்கள். ஒவ்வொரு அடியும் தனித்தனியாக எண்ணக் கிடைக்கிறது.

இது ஏன் டெத் மெட்டல், ஏன் த்ராஷ் என்கிற இன்னொரு வேக மெட்டல் ரகம் இல்லை என்று அக்கா மகனிடம் கேட்டேன். ஒரு மணி நேரம் பேசினான். நான் எடுத்துக்கொண்டது கொஞ்சம். த்ராஷில் கிட்டார் வெட்டி வெட்டிப் போகும், பாடுகிறவர் கத்தினாலும் மனிதக் குரலில் கத்துவார். இங்கே கிட்டாரின் சுருதியை இறக்கிவிடுகிறார்கள். ஒரே தந்தியை விரலில் பிடிக்கும் சிறு தகட்டால் மேலும் கீழும் இடைவிடாமல் தேய்த்துக்கொண்டே ஸ்வரங்களை அரை அரை படியாக நகர்த்துகிறார்கள். காது ஓய்வெடுக்கும் இடத்துக்குப் பாட்டு வந்து சேருவதே இல்லை. வரிசைகள் ஒன்றையடுத்து ஒன்றாகப் புதிதாக முளைத்துக்கொண்டிருக்கும்; பல்லவி திரும்ப வரும் என்று காத்திருந்தால் ஏமாந்து போவீர்கள். பெயரைப் பொறுத்தவரை, 1985இல் கலிஃபோர்னியாவின் பொசெஸ்டு குழு தன் முதல் ஆல்பத்தின் கடைசிப் பாட்டுக்கே 'டெத் மெட்டல்' என்று பெயர் வைத்திருந்தது. ப்ளோரிடாவில் சக் ஷுல்டினரின் டெத் குழு 1987இல் முதல் ஆல்பத்தைக் கொண்டுவந்தது. அதற்கும் இரண்டு வருடம் கழித்து வந்த இந்தத் தட்டில்தான் வேகமும் நுணுக்கமும் ஒரே நேரத்தில் ஒரு படி ஏறின என்பது அவன் கட்சி. நான் மறுக்கும் அளவுக்குக் கேட்டவன் அல்ல.

கிட்டார் இருவர், ட்ரே அசக்தோத்தும் ரிச்சர்ட் புருனெல்லும். அசக்தோத்தின் தனி வாசிப்பு முதலில் எனக்கு எரிச்சலூட்டியது. சுருதியைக் கிட்டாரிலுள்ள நெம்புகோலால் முறுக்கி, இழுத்து, பூனையை வாளியில் போட்டு ஆட்டியது போல ஒரு கூச்சல். பத்தாவது முறை கேட்கும்போதுதான், அடியில் ஓடும் டிரம்ஸ் குலையாமல் இருப்பதால்தான் மேலே அவர் அப்படிச் சிதறமுடிகிறது என்று பட்டது. டிரம்ஸும் சேர்ந்து சிதறியிருந்தால் வெறும் கூச்சல்தான்.

இனி, எல்லோரும் ஓடிப்போகும் விஷயம்: குரல். பாடுபவர் டேவிட் வின்சென்ட், கீழ் ஸ்வரங்களைத் தாங்கும் பேஸ் கிட்டாரும் அவரே. உறுமல்தான். ஆனால் உச்சரிப்பு தெளிவு. பாடல் வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் சொல் சொல்லாகத் தொடரலாம், புதிதாக வருபவர்களுக்கு இது பெரிய சலுகை. இந்த இசையில் பல பாடகர்களிடம் அந்தச் சலுகையை எதிர்பார்க்க முடியாது.

எனக்கு ஓர் ஆசை வந்தது. யாரும் இல்லாத நேரம் பார்த்துப் பட்டறைக் கதவைச் சாத்திவிட்டு உறுமிப் பார்த்தேன். நாலே வரி. தொண்டை கிழிந்தது, இரண்டு நாள் வாடிக்கையாளர்களிடம் சைகையில் பேசினேன். விஷயம் அறிந்த அக்கா மகன் தலையில் அடித்துக்கொண்டான். "கத்தாதீர்கள் மாமா. பெரிய பெருமூச்சு விடுங்கள். விட்டுக்கொண்டே அடிவயிற்றைப் பிடியுங்கள்." குரல்நாண்களுக்குச் சற்று மேலே இன்னொரு ஜோடி மடிப்பு இருக்கிறதாம், போலிக் குரல்நாண்கள் என்று பெயர். சாதாரணப் பேச்சில் அவற்றுக்கு வேலையில்லை. காற்றைக் கட்டுப்படுத்தி அனுப்பி அவற்றை அதிரவைத்தால் உறுமல் வரும். தொண்டையால் நெரித்தால் என்னைப் போலச் சைகை பாஷைதான். கோபம் எதுவும் தேவையில்லை, மூச்சு அடக்கம்தான் தேவை என்று அவன் செய்து காட்டினான். அத்தனை கொடூரமான சத்தம் வரும்போது அவன் முகம், ஊசிக் காதில் நூல் கோக்கிறவன் முகம்போல அமைதியாக இருந்தது.

இதைக் கேட்பவர்கள் மனம் கெட்டுப்போகும் என்று சொல்பவர்கள் என் வீட்டிலும் உண்டு. ஆஸ்திரேலியாவின் மக்வாரி பல்கலைக்கழகத்தில் பில் தாம்சன் முதலிய ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2019இல் வெளியிட்டிருக்கிறார்கள். வன்முறை மிகுந்த இந்த இசையின் ரசிகர்கள் 32 பேர், ரசிகர் அல்லாதவர்கள் 48 பேர். ஒரு கண்ணுக்கு வன்முறைப் படம், மறு கண்ணுக்குச் சாதுவான படம், காதில் பாட்டு. இரண்டு படங்களில் ஆபத்தானதையே மூளை அதிகம் கவனிக்கும், அது இயல்பு. ரசிகர்களின் மூளையும் மற்றவர்களுடையதைப் போலவே கவனித்தது, மரத்துப்போகவில்லை. அதே குழுவினர் ரசிகர்களிடம் கேட்டபோது, இந்த இசை தரும் உணர்ச்சிகளாக மகிழ்ச்சியையும் அமைதியையும்தான் அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். என் அனுபவம் இன்னும் எளிது. இது ஓடும்போது தலைக்குள் வேறு எதற்கும் இடமில்லை. கடன் பாக்கி, வராத உதிரிபாகம், எல்லாம் வெளியே நிற்கும்.

பாடல் வரிகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சாத்தான், சாபம், நரகம், கொள்ளைநோய். ஒரு பாட்டில் சுமேரியத் தெய்வத்தின் பெயரையெல்லாம் அழைக்கிறார்கள். இருபது வயதைச் சுற்றியிருந்த பையன்கள் பெரியவர்களை மிரட்ட எழுதியது என்றே எனக்குத் தோன்றுகிறது. மிரளவில்லை, சிரிக்கவும் இல்லை. அட்டைப்படம் வேறு ரகம். டான் சீக்ரேவ் வரைந்தது. முகத்துக்குள் முகம், வாய்க்குள் கண் என்று பேய் முகங்கள் ஒன்றோடொன்று உருகிக் கிடக்கின்றன. குறுந்தட்டின் சிறிய சதுரத்தில் அதைப் பார்ப்பது அநியாயம். பெரிய இசைத்தட்டு வாங்குவதற்கு இந்த ஓவியம் ஒன்றே காரணமாகலாம். ஒரு பூதக்கண்ணாடி வைத்து அரை மணி நேரம் பார்த்தேன், அடிநூல் இருக்கும் பாபின் கேஸின் திருகைப் பார்க்க வைத்திருப்பது.

குறை உண்டு. பேஸ் கிட்டார் எங்கே? தேடித் தேடிப் பார்த்தேன். கிட்டார்கள் நின்று மூச்சு வாங்கும் இரண்டொரு இடத்தில் தலையைக் காட்டிவிட்டு மறுபடி மூழ்கிவிடுகிறது. அடித்துணி இல்லாமல் தைத்த சட்டைபோல, மேலே பளபளப்பு, உள்ளே பிடிமானம் குறைவு. கிட்டார் ஓசையும் சற்று மெலிவுதான். கனம் வேண்டுபவர்கள் ஸ்வீடன் பக்கம் போகலாம். என்டூம்ப்டு குழு ஸ்டாக்ஹோமின் சன்லைட் ஸ்டுடியோவில் பதிவு செய்து 1990இல் வெளியிட்ட முதல் ஆல்பம், பாஸ் நிறுவனத்தின் எச்.எம்.2 என்ற, கிட்டார் ஓசையைக் கரகரப்பாக்கும் சிறு மிதிகட்டையின் குமிழ்களை எல்லாம் கடைசிவரை திருப்பி எடுத்த ஓசைக்குப் பேர் போனது. மரம் அறுக்கும் ரம்பம் மாதிரி அது நெஞ்சில் இறங்கும். ஆனால் அங்கே எனக்குப் பிடித்த நூலிழை விளையாட்டு இல்லை. அந்தத் தட்டை மழைநாளுக்கு வைத்திருக்கிறேன்.

வாங்குபவர்கள் கவனிக்க: பத்துப் பாட்டும் சேர்ந்து 39 நிமிடம்கூட ஆகாது. குறுந்தட்டில் கடைசியில் மூன்று பாட்டுகளின் மறுகலவை (ரீமிக்ஸ்) கூடுதலாக உண்டு, அவற்றைத் தவறவிட்டால் நஷ்டமில்லை. பிற்காலத்தில் ஓசையை நெருக்கிப் பிழியாமல் 'முழு ஏற்ற இறக்கம்' என்ற முத்திரையோடு ஒரு பதிப்பும் வந்தது. அக்கா மகனிடம் அது இருக்கிறது. குச்சியால் அடிக்கும் ஸ்னேர் டிரம் அதில் இன்னும் நன்றாக மூச்சு விடுகிறது, கிடைத்தால் அதையே எடுங்கள்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். பிடித்துக்கொண்ட ஒன்று, காணாமல்போன பேஸுக்கு. முதல்முறை கேட்பவர்கள் 'சாப்பல் ஆஃப் கூல்ஸ்' பாட்டிலிருந்து தொடங்குங்கள். நடுவில் வேகம் இறங்கி நடைபோடும் இடம் வருகிறது, அதுவரை தாங்கினால் முழுத்தட்டையும் தாங்குவீர்கள். பிறகு 'இம்மார்ட்டல் ரைட்ஸ்' போட்டு, தலைகீழாக வரும் வரிசை நேராகும் நொடியில் வலது காலால் தரையைத் தட்டிப் பாருங்கள். என் கால் நாற்பது விநாடியில் நின்றுவிட்டது.