காதல் தொடங்கியது ஒரு பக் ரிப்போர்ட்டில்

வீடியோ கேம் நிறுவனத்தில் வேலை பார்க்கும் பெண்ணைப் பற்றிய காதல் நாவல் கண்ணில் பட்டால் வாங்கிவிடுவேன். நான் ஆறு வருடமாக கேம் டெஸ்டர்; வெளிவருமுன் கேமை விளையாடிப் பிழை தேடுவது என் வேலை. இந்த வகை நாவல்கள் பலவற்றில் கேம் சும்மா பின்னணிக்குத்தான். நாயகி வங்கியில் வேலை பார்த்திருந்தாலும் கதை மாறாது. போன வாரம் படித்தது அப்படியில்லை.

நாயகி டெஸ்டர், நாயகன் லெவல் டிசைனர், அதாவது கேமின் கட்டங்களை வடிவமைப்பவன். அவன் கட்டிய கோட்டையில் ஒரு படிக்கட்டு. பின்பக்கமாக ஏறிக்கொண்டே குதித்தால் சுவருக்குள் விழுந்துவிடலாம். அவள் அதை பக், அதாவது பிழை என்று பதிவு போடுகிறாள். "எனக்கு வரவில்லை" என்று எழுதி அவன் அந்தப் பதிவை மூடிவிடுகிறான். வீடியோவோடு மறுபடி திறக்கிறாள். மறுபடியும் மூடுகிறான். மூன்றாவது தடவை நாற்காலியை இழுத்துக்கொண்டு அவள் மேசைக்கே வந்து, "சரி, செஞ்சு காட்டுங்க" என்கிறான். நாற்பது தடவை குதித்தும் வரவில்லை. நாற்பத்தொன்றாவதில் விழுகிறது, இரண்டு பேரும் ஒன்றாகக் கத்துகிறார்கள். இந்த இடத்தை இரண்டு முறை படித்தேன். விடாமல் தேடிய பக் கையில் சிக்கும்போது பக்கத்தில் இருப்பவர்மேல் திடீரென்று வரும் பிரியம் எனக்குத் தெரியும். அதை எழுத்தில் பார்த்தது இதுவே முதல் தடவை.

ரிலீசுக்கு முந்தைய கிரன்ச் என்கிற இரவு பகல் வேலை, நள்ளிரவில் புது பில்டுக்கு (கேமின் புதிய பதிப்புக்கு) காத்திருப்பது எல்லாம் சரியாகவே வந்திருக்கிறது. அவன் டீம் லீடாக ஆனதும், "என் அப்ரைசலில் நீ கையெழுத்துப் போடுகிறவரை இது வேண்டாம்" என்று அவள் சொல்லி வேறு டீமுக்கு மாறுகிறாள். ரொம்பப் பிடித்தது.

அப்புறம்தான் எனக்கு மனசு ஆறாத இடம். ரிலீசுக்கு இரண்டு மாதம் முன்பு அவள் வேலையை விடுகிறாள். கேமின் கடைசியில் ஓடும் கிரெடிட்ஸ் பட்டியலிலிருந்து அவள் பெயர் எடுக்கப்படுகிறது. அவன் பட்டியலைப் பார்த்தும் பேசாமல் இருக்கிறான். அவளோ ஒன்றரைப் பக்கத்தில் மன்னித்துவிடுகிறாள்! பெயர் அவ்வளவு சின்ன விஷயமா? அட்டாரி என்ற கேம் நிறுவனம் கேம் செய்தவர்களின் பெயர் போடாததால், 1980-ல் வந்த 'அட்வென்ச்சர்' கேமுக்குள் ரகசிய அறை ஒன்று வைத்து, அதில் தன் பெயரை ஒளித்துவைத்தார் வாரன் ராபினெட். அதே அட்டாரியிலிருந்து கோபித்துக்கொண்டு வெளியேறியவர்கள் 1979-ல் தொடங்கியதுதான் ஆக்டிவிஷன் நிறுவனம். 1982-ல் அங்கே கேரல் ஷா 'ரிவர் ரெய்ட்' கேமைச் செய்தபோது, கேமோடு வந்த கையேட்டிலேயே அவர் பெயர் இருந்தது.

நான் பதினான்கு மாதம் வேலை செய்த ஒரு கேமிலும் என் பெயர் இல்லை. கடைசி வரி வரை ஓடவிட்டுப் பார்த்தேன். அதனால் சொல்கிறேன்: அவன் தயாரிப்பாளரிடம் போய் ஒரு தடவையாவது சண்டை போட்டிருக்க வேண்டும். அதற்கு எழுத்தாளர் இன்னும் பத்துப் பக்கம் ஒதுக்கியிருக்கலாம்.

ஆனாலும் வாங்கிப் படியுங்கள். என் பிரதி இப்போது எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம் இருக்கிறது. படிக்கட்டு வரும் பக்கத்தில் ஒரு சீட்டு வைத்துக் கொடுத்திருக்கிறேன்.