வீட்டுக்கும் ட்ரெய்லருக்கும் ஒரே பாக்ஸ்: வாலி வாங்கின கதை

பழைய 24 அடி ட்ராவல் ட்ரெய்லர் ஒண்ணு, அதாவது காருக்கு பின்னாடி இழுத்துட்டு போற குட்டி வீடு, வாங்கி வச்சிருக்கோம், டல்லாஸ் பக்கம் இருக்கறதால வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்பினா ஏதாவது ஒரு ஸ்டேட் பார்க் போய் சேர்ந்துடலாம். எல்லாம் நல்லாதான் போயிட்டு இருந்துச்சு, அப்பா ஊர்லருந்து ஆறு மாசம் தங்க வர்ற வரைக்கும். மனுஷனுக்கு ஏரி காடு எல்லாம் புடிக்கும்தான், ஆனா மேட்ச் இருக்கற அன்னிக்கு ஏரியாவது குளமாவது. போன்ல பாருங்கப்பான்னா "இதுல பந்து எங்கடா தெரியுது"ம்பார், அதுவும் பாதி பார்க்ல செல் சிக்னலே கிடையாது. வீட்ல டிஷ் நெட்வொர்க்ங்கற கம்பெனியோட சேட்டிலைட் டிவி ஏற்கனவே இருக்கு, கிரிக்கெட் போடற வில்லோ சேனல் அதுலயே வருது, அப்ப அதே கனெக்‌ஷன வண்டிலயும் ஓட்டினா என்னன்னு ஆரம்பிச்சதுதான் இந்த ஆராய்ச்சி.

வீட்ல இருந்த டிஷ் பாக்ஸ் பழைய 722கே. 500 ஜிபி டிஸ்க், ரெண்டு டிவிக்கு தனித்தனியா குடுக்கும், இன்னிக்கும் ஓடுது. ஆனா அது பெரிய பொட்டி, உள்ள டிஸ்க் சுத்திட்டே இருக்கும், அதை ட்ரெய்லர்ல போட்டு குண்டும் குழியுமான ரோட்ல குலுக்கி எடுத்துட்டு போக எனக்கு மனசு வரல. தவிர அதை தூக்கிட்டு போனா வீட்ல இருக்கற பொண்ணுக்கு டிவி கிடையாது, அப்புறம் அந்த பஞ்சாயத்து வேற.

சரி அப்க்ரேட் பண்ணலாம்னு பார்த்தா எல்லாரும் கைய காட்டறது டிஷ் நெட்வொர்க்கோட ஹாப்பர் 3 பாக்ஸ். 2016ல வந்தது, 16 ட்யூனர் (ஒரு ட்யூனருக்கு ஒரு நேரத்துல ஒரு சேனல்), 2 டிபி டிஸ்க், ஒவ்வொரு ரூமுக்கும் ஜோயிங்கற ஒரு குட்டி பாக்ஸ் வச்சா வீடு பூரா ஓடும். நாலு டிவி இருக்கற வீட்டுக்கு யோசிக்காம வாங்கலாம். ஒரு டீலர் போன்ல "ட்ரெய்லர்லயும் ஓடும் சார், தாராளமா எடுங்க"ன்னு அடிச்சு விட்டார். நல்லவேளை ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி கொஞ்சம் தோண்டி பார்த்தேன். ஹாப்பர் 3 ஓடணும்னா கூரையில இருக்கற டிஷ் குடையில ஹைப்ரிட் எல்என்பி (எல்என்பின்னா குடை முன்னாடி நின்னு சிக்னல வாங்கற கருவி, ஹைப்ரிட் அதுல புது வகை) வேணும், இல்லன்னா நடுவுல அதுக்குன்னு ஒரு ஸ்விட்ச் போடணும், என் வீட்டு கூரையில இருக்கறது பழைய வகை, அப்ப ஆள் வந்து ஏறி மாத்தணும். வண்டிக்கு இன்னொரு டிஷ் வாங்கினா அதுலயும் அதே எல்என்பி போடணும். அப்பா ஒருத்தர் பார்க்கற ஒரே ஒரு மேட்சுக்கு 16 ட்யூனர் எதுக்கு?

இங்கதான் எனக்கு விஷயம் புரிஞ்சுது, நாம பாக்ஸ் பாக்ஸ்னு தேடிட்டு இருக்கோம், ஆனா முடிவு பண்றது மேல நிக்கற டிஷ் குடைதான். வீட்ல என்ன எல்என்பி, வண்டிக்கு ட்ரைபாட் டிஷ்ஷா இல்ல மூடி போட்ட டோமா, இது ரெண்டும் தெரிஞ்சாலே பாக்ஸ் லிஸ்ட் தானா சுருங்கிடும். போட்டி கம்பெனி டைரக்டிவி வச்சிருக்கறவங்களுக்கு இது இன்னும் பெரிய தலைவலி, அவங்க எச்டி வர்றது 99, 103 டிகிரில நிக்கற சேட்டிலைட்லருந்து, கேஏ பேண்ட்ங்கற அலைவரிசைல, சின்ன டோம் எதுவும் அதை புடிக்காது, கூரையில ஏத்தற பெரிய சமாச்சாரம் வேணும். டிஷ் நெட்வொர்க்ல அந்த தொல்லை இல்ல, சின்ன டோம்லயே எச்டி வந்துடும், ட்ரெய்லர், வேன் வீடு வச்சிருக்கறவங்க நிறைய பேர் அதுல இருக்கறதுக்கு அதுதான் காரணம்.

கடைசில வாங்கினது டிஷ் நெட்வொர்க்கோட சின்ன பாக்ஸ், வாலி (Wally). ராமாயண வாலிக்கு எதிர்ல நிக்கறவன் பலத்துல பாதி வந்துடும், இதுக்கு சொந்தமா இருக்கறது ஒரே ஒரு ட்யூனர், அவ்ளோதான். ஆனா இது எந்த குடைக்கும் ஒத்துப்போகும், பழைய எல்என்பியா சரி, ஹைப்ரிட்டா சரி, டோமா சரி. திங்கள்லருந்து வெள்ளி வரைக்கும் எங்க பெட்ரூம்ல வீட்டு டிஷ்ல ஓடுது, வெள்ளிக்கிழமை கழட்டி ஒரு ஷூ டப்பால போட்டா வண்டிக்கு ரெடி. உள்ள டிஸ்க் இல்லாததால குலுங்கினாலும் பயம் இல்ல. ரிமோட் ஆர்எஃப்ல வேலை செய்யறதால பாக்ஸ டிவிக்கு பின்னாடி ஒட்டி மறைச்சுட்டேன், ரிமோட்ட நேரா நீட்டணும்னு அவசியம் இல்ல. ரிமோட் காணாம போனா பாக்ஸ்ல ஒரு பட்டன் அழுத்தினா அது கத்தும், எங்க வீட்ல அதிகம் பயன்பட்டது இதுதான்.

ரெக்கார்ட் பண்ணணும்னா யூஎஸ்பில ஒரு ஹார்ட் டிஸ்க் சொருகணும், அதுக்கு ஒரே ஒரு தடவை 40 டாலர் கட்டணும். டிஸ்க்க அது ஃபார்மட் பண்ணிடும், அதனால போட்டோ இருக்கற டிஸ்க்க சொருகிடாதீங்க. ஒரு ட்யூனர்ங்கறதால ஒண்ணை ரெக்கார்ட் பண்ணும்போது வேற சேனல் லைவா பார்க்க முடியாது, ஏற்கனவே பண்ணி வச்சத வேணா பார்க்கலாம். வைஃபையும் உள்ள கிடையாது, தனியா வாங்கி சொருகணும். இந்த காலத்துல இது கஞ்சத்தனம்.

வாலிக்கு முன்னாடி காச மிச்சம் பண்றேன்னு செகண்ட்ஹேண்ட்ல 211இசட்னு ஒரு பழைய டிஷ் பாக்ஸ் வாங்கி ஏமாந்த கதையும் சொல்லிடறேன். வித்தவர் ஆன்லைன்ல யாரோ ஒருத்தர். பாக்ஸ் வந்துச்சு, ஆக்டிவேட் பண்ண நம்பர் குடுத்தா இது வேற ஒருத்தர் கணக்குல லீஸ்ல இருக்கற பாக்ஸ், பண்ண முடியாதுன்னுட்டாங்க. வித்தவர் அதுக்கப்புறம் பதிலே போடல. பழசு வாங்கறவங்க பின்னாடி இருக்கற ரிசீவர் நம்பர மொதல்ல வாங்கி, கஸ்டமர் கேர்ல கேட்டுட்டு அப்புறம் பணம் குடுங்க.

மொத ட்ரிப் கேடோ லேக். தண்ணிக்குள்ள நிக்கற சைப்ரஸ் மரம், கிளை பூரா தாடி மாதிரி பாசி தொங்கும், பார்க்க கண் கொள்ளாது, டிஷ்ஷுக்கு அதவிட மோசமான இடம் கிடையாது. நான் வச்சிருக்கறது ட்ரைபாட்ல 1000.2 டிஷ். 110, 119, 129 மூணு சேட்டிலைட்டும் ஒண்ணா புடிக்கும். நம்ம பக்கத்துலருந்து பார்த்தா 119 தென்மேற்குல, சுமார் 217 டிகிரி, வானத்துல சரிபாதி உயரம், 45 டிகிரி. 129 இன்னும் மேற்கால தள்ளி 38 டிகிரிக்கு எறங்கி நிக்கும், அதனால 119 ஜம்முன்னு வரும், 129 மட்டும் ஏதாவது ஒரு பைன் மரத்துக்கு பின்னாடி ஒளிஞ்சுக்கும். ட்ரைபாட் நேரா நிக்கலன்னா ஒண்ணும் வேலைக்காகாது, குமிழ் மட்டம் வச்சு பார்த்துட்டு, காத்துக்கு விழாம இருக்க நடுவுல ஒரு கேலன் தண்ணி கேன தொங்க விட்டேன். அப்பா வெளில குடைய புடிச்சுட்டு நிக்கறார், என் வொய்ஃப் உள்ள டிவில சிக்னல் கோட்ட பார்த்து "சிவப்புங்க, இன்னும் சிவப்புதாங்க"ன்னு கத்தறா, நான் நடுவுல படில நின்னு ரெண்டு பக்கமும் சொல்லிட்டு இருக்கேன். ரெண்டு மணி நேரம். அப்புறம்தான் பார்த்தேன், வண்டி வெளிப்பக்கம் ரெண்டு பிளக் இருக்கு, ஒண்ணு கேபிள், ஒண்ணு சேட்டிலைட், நான் கேபிள்ல சொருகியிருக்கேன். அது உள்ள ஆன்டெனா பூஸ்டர் வழியா போகுது, எல்என்பிக்கு கரண்ட்டே போகாது. மாத்தி சொருகி, பாக்ஸ்ல செக் ஸ்விட்ச்ங்கற சோதனைய ஓட விட்டு, 50 அடி ஒயர இழுத்து மரம் இல்லாத மூலைக்கு டிஷ்ஷ நகர்த்தினதும் பச்சை ஆச்சு. அப்பா "இத மொதல்லயே பண்ணியிருக்கலாம்ல"ன்னு ஒரே வார்த்தைல முடிச்சுட்டார்.

தூரமா போனா லோக்கல் சேனல் போயிடும், அது ஸ்பாட் பீம்ல, அதாவது ஒரு ஏரியாவுக்கு மட்டும் அடிக்கற சிக்னல்ல வர்றது. வைட் சாண்ட்ஸ் போனப்ப டல்லாஸ் சேனல் ஒண்ணும் இல்ல, சர்வீஸ் அட்ரஸ மாத்த சொன்னதும் அந்த ஊர் சேனல் வந்துச்சு. திரும்பி வந்ததும் மறக்காம பழையபடி மாத்தணும், நான் மறந்தேன், பொண்ணுக்கு வீட்ல லோக்கல் சேனலே வரல. வாலிய வீட்டு கணக்குலயே சேர்த்ததால மாசாமாசம் ஒரு ரிசீவர் கட்டணம் கூடுது. வருஷத்துல ரெண்டு மாசம்தான் போவீங்கன்னா 30 நாள் 30 நாளா போட்டுக்கற அவுட்டோர்ஸ் பிளான் வேற இருக்கு, அதுதான் லாபம்.

ஸ்டார்லிங்க் சேட்டிலைட் இன்டர்நெட் போட்டுட்டா இதெல்லாம் எதுக்குன்னு கேப்பீங்க. வண்டிலருந்தே வேலை பாக்கறவங்களுக்கு அதுதான் சரி, இன்டர்நெட்டும் ஆச்சு டிவியும் ஆச்சு. நாங்க போறதே லேப்டாப்ப வீட்ல விட்டுட்டு, எங்களுக்கு வாலி போதும்.

அடுத்து ஒரு டோம் வாங்கலாம்னு எனக்கு ஆசை. தரையில வச்சா தானா சேட்டிலைட்ட தேடிக்கும், கரண்ட்டும் பாக்ஸ்லருந்து அந்த ஒயர் வழியாவே போயிடும். ஆனா ஒரு நேரத்துல ஒரு சேட்டிலைட்டதான் பார்க்கும், காலைல மேல பனி புடிச்சா துண்டு எடுத்து துடைக்கணும். கூரையில பதிக்கறது மட்டும் வேணாம்னு முடிவு பண்ணிட்டேன், நிழல்ல வண்டிய விட்டா டிவி வராது, டிவி வரணும்னா டெக்சஸ் வெயில்ல வேகணும். அப்பாகிட்ட டோம் படத்த காட்டினேன். ஒரு நிமிஷம் பார்த்துட்டு, "அப்ப நான் வெளில என்னடா பண்றது"ன்னார். அதனால இப்போதைக்கு ட்ரைபாட்தான்.