மோட்டார்ஹோம் மின்கோளாறு: வீட்டுக்கே வந்த எலக்ட்ரீஷியன்

எங்கள் மோட்டார்ஹோமில் (தங்கும் வசதி கொண்ட வண்டி) விளக்குகள் மங்குவதும், தண்ணீர் பம்ப் திடீரென நிற்பதும், வண்டி மேடுபள்ளத்தில் குலுங்கியதும் எல்லாம் தானாகச் சரியாகிவிடுவதுமாக இரண்டு மாதங்கள் கழிந்தன. முதலில் பார்த்த பட்டறையில் பேட்டரியை மாற்றியும் பயனில்லை. இந்த எலக்ட்ரீஷியன் எதையும் மாற்றச் சொல்லாமல், பம்பை ஓடவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் சேசிஸுக்கும் (வண்டியின் உலோகச் சட்டகம்) இடையே, மின்னழுத்தத்தை அளக்கும் மல்டிமீட்டரை வைத்தார். அரை வோல்ட்கூட இருக்கக் கூடாத இடத்தில் 1.8 வோல்ட் காட்டியது; அதாவது, அந்த இணைப்பில் மின்சாரம் தடைபட்டது. விளக்கு, பம்ப் எதுவும் ஓடாதபோது பேட்டரி நல்ல நிலைக்குரிய 12.7 வோல்ட்டைக் காட்டியதால்தான் கோளாறு இதுவரை பிடிபடவில்லை என்று அவர் பொறுமையாக விளக்கியது மனநிறைவைத் தந்தது. பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைச் சேசிஸுடன் இணைக்கும் எர்த் போல்ட்டைக் கழற்றியபோது, செம்பு வளையத்தின் அடியில் பச்சைக் களிம்பு படிந்திருந்தது. உலோகம் பளிச்சிடும்வரை தேய்த்து இறுக்கியதும் மீட்டர் 0.05-க்கு இறங்கியது. கட்டணம் சற்று அதிகம்தான்; ஆயினும் அடுத்த முறையும் இவரையே அழைப்பேன்.